ஜானி வில்கின்சன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜானி வில்கின்சன் யார்?

இங்கிலாந்து ரக்பி அணியின் முன்னாள் ஆட்டக்காரர். 1979 மே 25 அன்று சர்ரேயில் உள்ள ஃப்ரிம்லியில் பிறந்தவர். 1998 முதல் 2011 வரை இங்கிலாந்துக்காக 91 ஆட்டங்களில் 1179 புள்ளிகள் எடுத்தார். பிரிட்டன், அயர்லாந்து நாடுகளின் கூட்டு அணியான பிரிட்டிஷ் அண்டு ஐரிஷ் லயன்ஸுக்காக ஆடிய 6 டெஸ்ட்களில் (சர்வதேச ஆட்டங்களில்) இன்னும் 67. 2014-இல் எல்லா வகை ரக்பியிலிருந்தும் ஓய்வு பெற்றார்.

2003 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் வெற்றிக்கான உதையை அடித்தவர் என்பதுதான் பெரும்பாலோருக்குத் தெரிந்த வில்கின்சன். அந்த ஓர் உதையோடு அவர் கதையை முடித்துவிடுவது சரியில்லை என்பது என் எண்ணம். அதற்குப் பிறகு 11 ஆண்டுகள் ஆடினார். அவரது ஆட்ட வாழ்க்கையின் சிறந்த பகுதியும் அந்த 11 ஆண்டுகளுக்குள்தான் இருக்கிறது.

எனக்கு ரக்பியே தெரியாது. அவர் எந்த இடத்தில் ஆடினார்?

பக்கத்துக்கு 15 பேர், 80 நிமிடம். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடலாம். ஆனால் கையால் முன்னோக்கி எறியக் கூடாது, பக்கவாட்டிலோ பின்னோக்கியோதான் கொடுக்க வேண்டும். எதிரணியின் கோட்டைத் தாண்டி பந்தைத் தரையில் வைத்தால் அது ட்ரை, 5 புள்ளி. ட்ரைக்குப் பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் கன்வர்ஷன், கூடுதலாக 2. எதிரணி விதியை மீறினால் கிடைக்கும் பெனால்டி உதைக்கு 3. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பந்தைக் கையிலிருந்து தரையில் விட்டு, அது எழும்பும் நொடியில் உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் டிராப் கோல், அதற்கும் 3.

வில்கின்சன் ஆடிய இடத்துக்கு ஃப்ளை-ஹாஃப் என்று பெயர், 10-ஆம் எண் சட்டை. முன்வரிசைத் தடியர்கள் முட்டி மோதி எடுத்துக் கொடுக்கும் பந்து பெரும்பாலும் முதலில் இவரிடம்தான் வரும். ஓடுவதா, கொடுப்பதா, உதைப்பதா என்று அரை நொடியில் முடிவெடுக்க வேண்டும்.

சிறு வயதில் எப்படி இருந்தார்?

ஃபார்ன்ஹம் பக்கத்தில் வளர்ந்தார். அப்பாவும் ரக்பி ஆடியவர். அண்ணன் மார்க் பிற்பாடு நியூகாசில் கிளப்பில் இவருடனேயே ஆடினார். ஹாம்ப்ஷயரில் உள்ள லார்ட் வாண்ட்ஸ்வொர்த் கல்லூரியில் படித்தபோது அங்கே ஆசிரியராக இருந்தவர் ஸ்டீவ் பேட்ஸ். அவர் வாஸ்ப்ஸ் கிளப்பின் பழைய ஆட்டக்காரர். வில்கின்சனை நியூகாசிலோடு இணைத்தது அவர்தான்.

சின்னப் பையனாக இருந்தபோதே ஆட்டத்துக்கு முந்தைய இரவுகளில் பயத்தில் உடம்புக்கு முடியாமல் போகும் என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். தவறு செய்துவிடுவோமோ என்ற பயம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பல கேள்விகளுக்கு இது தேவைப்படும்.

சர்வதேச ஆட்டம் எப்போது தொடங்கியது?

ரக்பி யூனியன் ஆட்டக்காரர்கள் சம்பளம் வாங்கலாம் என்று ஆனதே 1995-இல்தான். அந்தப் புதிய காலத்தின் முதல் தலைமுறை இவர். டர்ஹம் பல்கலைக்கழகத்தில் சேரும் வாய்ப்பை விட்டுவிட்டு 1997-இல் நியூகாசில் ஃபால்கன்ஸ் அணிக்குப் போனார். அங்கே அவருக்கு வழிகாட்டி இங்கிலாந்தின் முன்னாள் 10-ஆம் எண்காரர் ராப் ஆண்ட்ரூ. முதல் பருவத்திலேயே நியூகாசில் லீக் பட்டம் வென்றது.

1998 ஏப்ரல் 4 அன்று, 18 வயதில், அயர்லாந்துக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். 71 ஆண்டுகளில் இங்கிலாந்துக்கு ஆடிய மிக இளையவர் என்று பத்திரிகைகள் கொண்டாடின. சரி, அடுத்து என்ன ஆயிற்று? அதே ஜூனில் பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக முதன்முறையாகத் தொடக்க அணியில் இடம் கிடைத்தது. ஆட்ட முடிவு 76-0. இங்கிலாந்தின் மிகப் பெரிய தோல்வி அது. முக்கிய ஆட்டக்காரர்கள் பலர் இல்லாமல் போன அந்தப் பயணத்தை ரக்பிக்காரர்கள் இன்றும் நரகப் பயணம் என்றே சொல்கிறார்கள்.

அடுத்த அடி 1999 உலகக் கோப்பையில். தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான காலிறுதியில் அவரைத் தொடக்க அணியில் எடுக்காமல் பால் கிரேசனை எடுத்தார்கள். அன்று பாரிஸில் தென்னாப்பிரிக்காவின் யானி டி பீர் 5 டிராப் கோல் அடித்து இங்கிலாந்தை வீட்டுக்கு அனுப்பினார்.

உதைக்கும் முன் கைகளைக் கோத்துக்கொண்டு குனிந்து நிற்பாரே, அது ஏன்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பிரார்த்தனை இல்லை. வெளியே இருக்கும் கூச்சலை அடைத்துவிட்டுக் கவனத்தை உள்ளே குவிக்கும் வழி என்று அவர் விளக்கியிருக்கிறார். 2003-க்குப் பிறகு இங்கிலாந்துப் பள்ளி மைதானங்களில் பையன்கள் எல்லோரும் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு கை கோத்து நின்றார்கள்.

இதற்குப் பின்னால் இருந்தவர் டேவ் ஆல்ரெட் என்ற உதைப் பயிற்சியாளர். வில்கின்சன் பதின்ம வயதிலிருந்தே அவரிடம் பயின்றார். இருவரும் சேர்ந்து ஒரு கற்பனைப் பெண்ணை உருவாக்கினார்கள்: டோரிஸ். கம்பங்களுக்குப் பின்னால், கூட்டத்தில் ஓர் இருக்கையில் அவள் உட்கார்ந்திருப்பதாகப் பாவனை. கம்பங்களுக்கு நடுவே என்று பொதுவாக அடிக்காமல் டோரிஸின் கையில் இருப்பதைக் குறிவைத்து அடிக்க வேண்டும். குறி எவ்வளவு சிறிதோ, தவறினாலும் அவ்வளவு குறைவாகத்தான் தவறும் என்பது கணக்கு.

பயிற்சியில் அவர் நடந்துகொண்ட விதம் வேறு ரகம். கிறிஸ்துமஸ் அன்றும் உதைக்கப் போவார். கடைசிச் சில உதைகள் மனதுக்குச் சரியாகப் படாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. இதை அர்ப்பணிப்பு என்று புகழ்ந்து எழுதிய கட்டுரைகள் ஏராளம். அவரோ ஓய்வுக்குப் பிறகு இதைப் பற்றிப் பேசும்போது புகழ்வதில்லை. பயத்தை விரட்ட வேறு வழி தெரியாததால் செய்ததாகத்தான் சொல்கிறார். இடுப்புக்கும் தொடைக்கும் அந்த ஆயிரக்கணக்கான உதைகள் செய்த கெடுதலும் சின்னதில்லை.

2003 இறுதி ஆட்டத்தில் உண்மையில் என்ன நடந்தது?

முதலில் அந்த ஆண்டையே பார்க்க வேண்டும். ஆறு ஐரோப்பிய நாடுகள் மோதும் சிக்ஸ் நேஷன்ஸ் தொடரில் டப்ளினில் அயர்லாந்தை 42-6 என வீழ்த்தி கிராண்ட் ஸ்லாம், அதாவது தொடரின் எல்லா ஆட்டங்களிலும் வெற்றி. ஜூனில் வெலிங்டனில் நியூசிலாந்தை 15-13 என வென்றார்கள். அந்த 15 புள்ளியும் வில்கின்சனுடையவை. உலகக் கோப்பை அரையிறுதியில் பிரான்ஸுக்கு எதிராக 24-7. அந்த 24-ம் அவருடையவையே, 5 பெனால்டி, 3 டிராப் கோல்.

நவம்பர் 22, சிட்னி. எதிரே ஆஸ்திரேலியா, சொந்த மண், நடப்பு உலகச் சாம்பியன். இடைவேளையில் இங்கிலாந்து 14-5 என முன்னிலை. இரண்டாம் பாதியில் எல்டன் ஃப்ளாட்லி பெனால்டி மேல் பெனால்டியாக அடித்து, ஆட்டம் முடியும் தறுவாயில் 14-14 ஆக்கிவிட்டார். கூடுதல் நேரம். நடுக்கோட்டுக்குப் பக்கத்திலிருந்து வில்கின்சன் ஒரு பெனால்டி அடித்தார், 17-14. முடிய இரண்டு மூன்று நிமிடம் இருக்கையில் ஃப்ளாட்லி மறுபடியும். 17-17.

இங்கிலாந்து இதற்காகவே ஒரு நகர்வைப் பயிற்சி செய்து வைத்திருந்தது. பெயர் ஜிக்-ஜாக். எதிரணியின் பகுதிக்குள் லைன்-அவுட் கிடைத்தது, அதாவது வெளியே போன பந்தை ஓரக்கோட்டிலிருந்து இரு அணி வரிசைகளுக்கு நடுவே எறியும் வாய்ப்பு. ஸ்டீவ் தாம்ப்சன் பந்தை வரிசையின் கடைசியில் நின்ற லூயிஸ் மூடிக்கு நீளமாக எறிந்தார். பந்து மைக் கேட்டிடம் போய், அவர் முட்டி மோதி விழுந்தார். அடுத்து மேட் டாசன் ஓர் இடைவெளியைக் கண்டு கிட்டத்தட்ட 20 மீட்டர் ஓடினார். இங்கேதான் ஒரு சிக்கல். பந்தை வில்கின்சனுக்கு எறிந்து கொடுக்க வேண்டிய டாசன் இப்போது ஆட்கள் குவியலுக்கு அடியில். அவர் எழுந்து வர நேரம் வேண்டும். கேப்டன் மார்ட்டின் ஜான்சன் பந்தை வாங்கி நேராகக் கூட்டத்துக்குள் இன்னொரு முறை மோதினார். அந்தச் சில நொடிகளில் டாசன் எழுந்து தன் இடத்துக்கு வந்துவிட்டார். எனக்கு அந்த ஆட்டத்தில் மிகவும் பிடித்த கணம் ஜான்சனின் அந்த மோதல்தான். ஒரு மீட்டர்கூட முன்னேறாத ஓட்டம். ஆனால் அது இல்லாவிட்டால் உதையே இல்லை.

டாசன் எறிந்த பந்து வில்கின்சனின் கைக்கு வந்தது. அவர் இடதுகால்காரர். அன்று ஏற்கெனவே 3 டிராப் கோல் முயன்று தவறவிட்டிருந்தார். நின்ற கோணத்துக்கு வலது கால்தான் வசதி. வலது காலால் உதைத்தார். 20-17, மீதி 26 விநாடி. ஆஸ்திரேலியா மறுபடி தொடங்கி வைத்த பந்தை ட்ரெவர் உட்மன் பிடித்தார், கேட் அதை மைதானத்துக்கு வெளியே உதைத்தார், முடிந்தது. வடக்கு அரைக்கோளத்து அணி ஒன்று ஆண்கள் ரக்பி உலகக் கோப்பையை வென்றது அன்றுதான். 2023 வரை நடந்த போட்டிகளில் வேறு எந்த வடக்கு அணியும் வென்றதில்லை.

வெற்றிக்குப் பிறகு மகிழ்ச்சியாக இருந்தாரா?

இல்லை. வாழ்நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்த இடத்துக்கு 24 வயதில் வந்து சேர்ந்துவிட்டார். வந்த கொஞ்ச நேரத்திலேயே அந்தச் சந்தோஷம் கையை விட்டு நழுவுவதை உணர்ந்ததாகச் சொல்லியிருக்கிறார். லண்டன் தெருக்களில் லட்சக்கணக்கானோர் கூடி வரவேற்றார்கள். பிபிசியின் ஆண்டின் சிறந்த விளையாட்டு ஆளுமை விருது, உலகின் சிறந்த ஆட்டக்காரர் விருது இரண்டும் அந்த ஆண்டே வந்தன. கூச்ச சுபாவம் உள்ளவருக்குக் கடைத்தெருவில் நடப்பதே பாடாகிவிட்டது.

அப்புறம் உடம்பு பழி வாங்கத் தொடங்கியது. கழுத்தில் அறுவை சிகிச்சை, மேல்கையில் இரத்தக்கட்டு, முழங்கால் தசைநார் கிழிவது திரும்பத் திரும்ப, குடல்வால், குடலிறக்கம், சிறுநீரகத்தில் காயம். 2004 அக்டோபரில் இங்கிலாந்து கேப்டன் என்று அறிவித்தார்கள். அந்தத் தொடருக்கு முன்பே காயப்பட்டு வெளியேறினார். இறுதி ஆட்டத்துக்கும் இங்கிலாந்துக்கு அவர் ஆடிய அடுத்த ஆட்டத்துக்கும் நடுவே 1169 நாட்கள். 2007 பிப்ரவரி 3 அன்று ஸ்காட்லாந்துக்கு எதிராகத் திரும்பி வந்து ட்ரை, கன்வர்ஷன், பெனால்டி, டிராப் கோல் என நான்கு வகையிலும் அடித்து 27 புள்ளி எடுத்தார்.

இத்தனை காயங்களுக்கு என்ன காரணம்?

துரதிர்ஷ்டம் கொஞ்சம் இருக்கலாம். அவர் ஆடிய விதமும் ஒரு காரணம். பொதுவாக 10-ஆம் எண்காரரை மற்றவர்கள் பாதுகாப்பார்கள். எதிரணியின் பெரிய ஆட்களைத் தடுக்கும் வேலை பக்கத்தில் இருப்பவர்களுக்கு. வில்கின்சன் யாருக்கும் அதை விட்டுக்கொடுக்கவில்லை. கபடியில் ஒல்லியான ஒருவர், உள்ளே வரும் பயில்வானை விலகாமல் இடுப்பில் கட்டிப் பிடிப்பாரே, அந்த மாதிரி. 2000-இல் பாரிஸில் பிரான்ஸ் ஆட்டக்காரர் எமில் என்டமாக்கை அவர் தூக்கி எறிந்த டேக்கிள் (எதிராளியைப் பிடித்து வீழ்த்துவது) இன்றும் இணையத்தில் சுற்றுகிறது. தன்னைவிட எடை கூடியவர்கள் மீது ஆண்டுக்கணக்கில் தோளால் மோதினால் கழுத்து நரம்பு என்ன ஆகும்?

தொழில்முறை ரக்பியின் முதல் தலைமுறை கொடுத்த விலை இன்னும் பெரிது. அந்த இறுதி ஆட்டத்தில் கடைசி லைன்-அவுட்டை எறிந்த ஸ்டீவ் தாம்ப்சனுக்கு 40 வயதைத் தாண்டியதுமே டிமென்ஷியா நோய். உலகக் கோப்பையை வென்றதே நினைவில் இல்லை என்று 2020 டிசம்பரில் அவர் வெளிப்படையாகச் சொன்னார்.

2007 உலகக் கோப்பையில் என்ன செய்தார்?

முதல் இரண்டு ஆட்டங்களில் கணுக்கால் காயத்தால் இல்லை. அதில் ஒன்றில் தென்னாப்பிரிக்கா 36-0 என நசுக்கியது. அவர் திரும்பிய பிறகு இங்கிலாந்து எப்படியோ தேறியது. மார்சேயில் ஆஸ்திரேலியாவை 12-10 என வென்ற காலிறுதியில் 12-ம் அவருடையவை. அரையிறுதியில் பிரான்ஸை 14-9 என வென்றார்கள். இறுதியில் தென்னாப்பிரிக்காவிடம் 15-6 எனத் தோல்வி. 2003 அணியோடு ஒப்பிட்டால் பாதி பலம்கூட இல்லாத அணி அது.

இங்கிலாந்தை விட்டு பிரான்ஸுக்கு ஏன் போனார்?

2008-இல் முழங்கால் சில்லு இடம் பெயர்ந்து மறுபடியும் மாதக்கணக்கில் படுக்கை. 12 ஆண்டு இருந்த நியூகாசிலை 2009-இல் விட்டு, மத்தியதரைக் கடலோரத்துத் துலோன் அணிக்குப் போனார். 30 வயது, முறிந்த உடம்பு. ஒரு பருவம் தாங்குவாரா என்று பலர் சந்தேகப்பட்டார்கள்.

துலோனின் உரிமையாளர் முராத் புஜெல்லால், காமிக்ஸ் புத்தகப் பதிப்பில் பணம் பார்த்தவர். உலகெங்கிலும் இருந்து நட்சத்திரங்களை அள்ளிக்கொண்டு வந்தார். காசு கொடுத்து வாங்கிய அணி என்ற ஏச்சு அதற்கு உண்டு, அது பொய்யும் இல்லை. ஆனால் அந்த ஊர் மக்களுக்கு ரக்பி என்பது உயிர். துறைமுகத்தை ஒட்டிய மயோல் மைதானத்தில் ஆட்டத்துக்கு முன் பிலு-பிலு என்ற போர்முழக்கத்தைக் கூட்டமே சேர்ந்து முழங்கும். இந்தக் கூச்சலுக்கு நடுவில்தான் கூச்ச சுபாவக்கார ஆங்கிலேயர் ஒருவர் ஒட்டிக்கொண்டார். பிரெஞ்சு கற்றுக்கொண்டு செய்தியாளர்களிடம் பிரெஞ்சிலேயே பேசினார். வெயிலும் கடலும் உதவின என்று சொல்வார்கள். எனக்கு என்னவோ, அங்கே யாரும் அவரிடம் 2003-ஐத் திரும்பக் கேட்கவில்லை என்பதுதான் பெரிய உதவி என்று தோன்றுகிறது.

கடைசி இரண்டு ஆண்டுகளைப் பாருங்கள். ஐரோப்பிய கிளப்களுக்கான 2013 ஹைனெக்கன் கோப்பையின் காலிறுதியில் இங்கிலாந்து கிளப்பான லெஸ்டருக்கு எதிராகத் துலோனின் 21 புள்ளியும் அவருடையவை. லண்டனில் இன்னொரு இங்கிலாந்து கிளப்பான சாரசன்ஸுக்கு எதிரான அரையிறுதியில் 24-ம் அவருடையவை. டப்ளினில் இறுதி: கிளேர்மோன் 15-6 என முன்னேறிய பிறகு துரத்திப் பிடித்து 16-15 என வென்றார்கள், வெற்றியைத் தந்த கன்வர்ஷன் அவர் உதைத்தது. 2014 மே 24 அன்று கார்டிஃபில் மறுபடியும் சாரசன்ஸை 23-6 என வென்று இரண்டாவது ஐரோப்பியக் கோப்பை. ஒரு வாரம் கழித்துக் கடைசி ஆட்டம், பிரெஞ்சு லீக் இறுதி. கேஸ்ட்ரை 18-10 என வென்றதில் 15 புள்ளி அவருடையவை. துலோனுக்கு 1992-க்குப் பிறகு கிடைத்த முதல் லீக் பட்டம். ஐந்து பருவமும் தாங்கினார், பெரும்பாலும் காயமில்லாமல்.

2011 உலகக் கோப்பையில் பந்து மாற்றிய விவகாரம் என்ன?

நியூசிலாந்தில் நடந்த அந்தப் போட்டியில் வில்கின்சன் வழக்கத்துக்கு மாறாக நிறைய உதைகளைத் தவறவிட்டார். ருமேனியாவுக்கு எதிரான ஆட்டத்தில் கன்வர்ஷனுக்கு முன் பந்தை மாற்றிக் கொடுத்ததற்காக டேவ் ஆல்ரெட்டையும் இன்னொரு பயிற்சியாளரையும் இங்கிலாந்து நிர்வாகமே ஓர் ஆட்டத்துக்கு விலக்கி வைத்தது. ட்ரை வந்த அதே பந்தில்தான் கன்வர்ஷன் உதைக்க வேண்டும் என்பது விதி. காலிறுதியில் பிரான்ஸிடம் 19-12 எனத் தோற்று வெளியேறினார்கள். அந்த டிசம்பரில் சர்வதேச ரக்பியிலிருந்து விலகினார்.

மனநலம் பற்றி வெளிப்படையாகப் பேசுகிறாராமே?

ஆமாம், பல ஆண்டுகளாக. பதற்றத் தாக்குதல்கள், மனச்சோர்வு, எதிலும் குறை கண்டு தன்னைத்தானே தண்டித்துக்கொள்வது என எதையும் மறைப்பதில்லை. காயத்தில் கிடந்த காலத்தில் பௌத்தச் சிந்தனையும் குவாண்டம் இயற்பியலும் தனக்கு உதவியதாகச் சொன்னபோது சிலர் கேலி செய்தார்கள். அவர் சொன்னதன் சாரம் எளிமையானது: தோல்வியோ வெற்றியோ நடக்கும் முன்பே அதை மனதில் நூறு முறை வாழ்ந்து தீர்க்க வேண்டியதில்லை. இப்போது அவர் நேர்காணல்கள் சில சமயம் ஆன்மிகச் சொற்பொழிவு போல நீண்டுவிடுவதும் உண்மைதான்; ரக்பி மட்டும் கேட்க வந்தவர்களுக்குப் பொறுமை வேண்டும்.

அவருக்கு ‘சர்’ பட்டம் உண்டா?

இல்லை. கிடைத்தவை எம்பிஇ, ஓபிஇ, 2015-இல் சிபிஇ என்ற பிரிட்டிஷ் அரச கௌரவங்கள். அவை ‘சர்’ என்று அழைக்கப்படும் தகுதியைத் தருவதில்லை. 2003 அணியின் பயிற்சியாளர் கிளைவ் உட்வர்டுக்குத்தான் அது கிடைத்தது.

இப்போது என்ன செய்கிறார்?

தொலைக்காட்சியில் ரக்பி விமர்சகர், உதைப் பயிற்சியாளர், கொம்புச்சா என்ற புளிக்கவைத்த தேநீர் பானத்தின் தொழில், மனநலம் பற்றிய ஒலிபரப்பு, தன் பெயரில் ஓர் அறக்கட்டளை. 2016-இல் உலக ரக்பியின் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார்.

அவரது சாதனைகள் இன்னும் நிற்கின்றனவா?

சில நிற்கின்றன. உலகக் கோப்பைகளில் மொத்தம் 277 புள்ளி, சர்வதேச ஆட்டங்களில் 36 டிராப் கோல். இந்த இரண்டையும் 2023 உலகக் கோப்பை வரை யாரும் தாண்டவில்லை. மொத்தப் புள்ளிகளில் நியூசிலாந்தின் டான் கார்ட்டர் அவரைக் கடந்து 1598-இல் முடித்தார். இங்கிலாந்துக்கான 1179-ஐ 2023 உலகக் கோப்பையில் சமோவாவுக்கு எதிராக ஓவன் ஃபாரெல் முந்தினார்.

ஒரே ஓர் ஆட்டம் பார்க்க நேரமிருந்தால் எதைப் பார்க்கலாம்?

எல்லோரும் சிட்னியைச் சொல்வார்கள். நான் 2013 ஏப்ரலில் ட்விக்கனமில் நடந்த துலோன்–சாரசன்ஸ் அரையிறுதியைச் சொல்வேன். ட்ரையே இல்லாத ஆட்டம், முதல் முறை பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் வறட்சியாகத் தோன்றலாம். கடைசிக் கட்டத்தில் 33 வயது வில்கின்சன் ஒரு டிராப் கோல் அடிக்கிறார். அதைத் தடுக்கக் கையை நீட்டிக்கொண்டு பாய்ந்து வருபவர், அப்போது 21 வயதான அதே ஓவன் ஃபாரெல். பந்து அவர் கைகளுக்கு மேலாகப் போகிறது.